மடியில் கட்டிய மல்லாட்டை
(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரட்டைமலை சீனிவாசன் மறைந்த நாள் 1945 செப்டம்பர் 18. அந்த நாளை ஒட்டி இங்கே கூடியிருக்கிறோம். அவரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வட்டமேசை மாநாட்டைப் பற்றிப் பேசுவார்கள், பூனா ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவார்கள், 'பறையன்' இதழைப் பற்றிப் பேசுவார்கள். நாங்கள் மல்லாட்டையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னதும் தோழர்கள் சிலர் சிரித்தார்கள். "நினைவுச் சொற்பொழிவில் தின்பண்டமா?" என்று கேட்டார்கள். ஆமாம், தின்பண்டம்தான். அதை யார் தின்னலாம், யார் கேட்டுத் தின்ன வேண்டும், யார் ஒளித்துத் தின்ன வேண்டும் என்பதுதான் எங்கள் பேச்சு.

நாங்கள் என்று சொல்வது பழைய தென்னார்க்காட்டின் செம்மண் பகுதியில் ஒரு காலனியில் வளர்ந்தவர்களை. எங்கள் பக்கம் புன்செய் நிலத்தைக் கொல்லை என்போம். அம்மாவோடும் ஆயாவோடும் கொல்லைக்குப் போய், பள்ளிக்கூடம் போக வேண்டிய நாளில் காய் ஆய்ந்தவர்கள் நாங்கள். இது புரட்டாசி மாதத் தொடக்கம். மழையை நம்பி விதைத்த மானாவாரி மல்லாட்டை அறுவடைக்குத் தயாராகிற காலம். இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியிலேயே பேருந்து நிலையத்தில் வேகவைத்த மல்லாட்டையைப் படியில் அளந்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படிக்குப் பின்னால் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

முதலில் பேர். மற்ற மாவட்டத்து மாணவர்கள் இதை வேர்க்கடலை என்பீர்கள், நிலக்கடலை என்பீர்கள், கோவைப் பக்கம் கடலைக்காய் என்பார்கள். எங்களுக்கு மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பது வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் இது. ஐரோப்பியக் கப்பல்களில் உலகம் சுற்றி நம் கரைக்கு வந்தது. பேரில் மட்டும் பிலிப்பைன்சின் மணிலா ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் விளைந்த காய் புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போனது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. கடல் தாண்டி விற்ற அந்தக் காயைப் பிடுங்கியவர்கள், ஆய்ந்தவர்கள், உடைத்தவர்கள் யார் என்று எந்தக் கப்பல் கணக்கும் எழுதவில்லை. விதைக்குக்கூட ஊர்ப்பேர் உண்டு. டி.எம்.வி. 2 என்ற ரகம் 1940இல் வந்தது, டி.எம்.வி. 7 என்ற ரகம் 1967இல் வந்தது. டி.எம்.வி. என்றால் திண்டிவனம். வி.ஆர்.ஐ. என்றால் விருத்தாசலம். விதைக்குப் பேர் கிடைத்தது. விதைக்கொட்டையைத் தோல் கிழியாமல் ஒவ்வொன்றாகக் கையால் உடைத்துக் கொடுத்த எங்கள் ஆயாக்களின் பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இந்தச் செடி மற்ற செடிகளைப் போல் இல்லை. மஞ்சள் பூ வெளியே பூக்கும். பூ வாடிய பிறகு அதன் அடியிலிருந்து ஊசி போல ஒன்று கிளம்பி மண்ணைத் தேடிக் கீழே இறங்கும். அந்த ஊசியின் முனைதான் மண்ணுக்குள் காயாகிறது. அதனால்தான் விதைத்த 40, 45 நாளில் செடியைச் சுற்றி மண் அணைக்கிறார்கள், ஜிப்சம் போடுகிறார்கள். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் காயே நேராக மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். மண் இறுகியிருந்தால் ஊசி இறங்காது. ஆகவே களை எடுப்பதும் மண் அணைப்பதும் வெறும் துப்புரவு வேலை இல்லை. விளைச்சலையே முடிவு செய்கிற வேலை. அதைச் செய்தவர்கள் பெண்கள். குனிந்த முதுகோடு களைக்கொத்தியைப் பிடித்து, ஊசி அறுந்துபோகாமல் கொத்தத் தெரிந்தவர்கள். இந்த வேலைக்குப் பேர் 'சாதாரண வேலை'. கூலியும் அப்படியே. 1976இல் சமவேலைக்குச் சம ஊதியச் சட்டம் வந்தது. எங்கள் கொல்லைமேட்டுக்கு அந்தச் சட்டம் வந்து நாங்கள் பார்த்ததில்லை.

மண்ணுக்குள் இருக்கும் காய் முற்றிவிட்டதா என்று எப்படித் தெரியும்? கொத்து ரகம் என்றால் 100, 105 நாள் என்று புத்தகம் சொல்லும். ஆயா நாளை எண்ண மாட்டாள். அடியிலை மஞ்சளாகி உதிர்வதைப் பார்ப்பாள். கொல்லையின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்குவாள். காயை உடைத்து, கொட்டையை வாயில் போட்டுக்கொண்டு, ஓட்டின் உள்பக்கத்தைப் பார்ப்பாள். உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் பிஞ்சு. கறுத்திருந்தால் முற்றியது. பத்துக் காயில் ஏழெட்டு கறுத்திருந்தால், "நாளைக்கு ஆள் உடலாம்" என்பாள். நிலம் வைத்திருந்தவர் அவள் சொல்லைக் கேட்டுத்தான் ஆள் விடுவார். அவளுடைய அறிவு அவருக்கு வேண்டும். அவள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்காரக் கூடாது.

அதன் பிறகு நாலைந்து நாள் ஓட்டமும் பிடியுமாக இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. கொத்து ரகக் கொட்டைக்கு உறக்கக் காலம் குறைவு. முற்றிய பிறகு மழை பெய்து மண் நனைந்தால் செடியில் இருக்கும்போதே முளைத்துவிடும். மழையே பெய்யாவிட்டால் மண் காய்ந்து கெட்டியாகி, இழுத்த இழுப்பில் காம்பு அறுந்து காய் உள்ளேயே தங்கிவிடும். லேசான ஈரம் இருக்கும்போது பிடுங்கினால்தான் காய் முழுதாக வரும். ஆக, மல்லாட்டை காத்திருக்காது. நிலம் வைத்திருப்பவராலும் காத்திருக்க முடியாது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருகிறோம்.

பிடுங்கிய செடியை மண் உதறி, வேர் மேலே வருமாறு வரிசையாகப் போடுவார்கள். பிறகு குவித்துவைத்து, வேப்பமரத்து நிழலிலோ வெயிலிலோ சுற்றி உட்கார்ந்து ஆய்வோம். ஆய்ந்த காயைக் கூடையில் போட்டு, கூடையைப் படியில் அளந்து, இத்தனை படிக்கு இவ்வளவு என்று கூலி. சில கொல்லைகளில் காசுக்குப் பதில் காயாகவே கொடுப்பார்கள். படியைக் குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்பதில்தான் எல்லாச் சண்டையும். நாம் ஆய்ந்து கொட்டும்போது குவித்து அளப்பார்கள். நமக்குக் கூலியாகக் கொடுக்கும்போது தலை தட்டி அளப்பார்கள். ஒரே படிதான். சாதியைப் புரிந்துகொள்ள எங்களுக்கு வேறு பாடநூல் தேவைப்படவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வரப்பேறும்போது இன்னொன்று நடக்கும். கொல்லைக்காரரின் ஆள் நின்றுகொண்டு, "மடிய அவுத்து ஒதறிட்டுப் போங்க" என்பார். எங்கள் அம்மாக்கள் சேலை முந்தானையை அவிழ்த்து உதறிக் காட்டுவார்கள். இரண்டு கை பச்சை மல்லாட்டை விழும். வீட்டில் இருக்கும் குழந்தைக்காக முடிந்துவைத்தது. பகலெல்லாம் மூட்டை மூட்டையாக ஆய்ந்த கைகளில் அந்த இரண்டு கை மட்டும் திருட்டாகிவிடும். நாங்கள் பக்கத்தில் நின்றோம். அம்மா எங்களைப் பார்க்கவில்லை. நாங்களும் அம்மாவைப் பார்க்கவில்லை. இன்றும் அந்த வரப்பை நினைத்தால் அவமானம் எங்கள் தொண்டையில்தான் இருக்கிறது. உதறச் சொன்னவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு வருஷம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பாதிக் கொல்லை பிடுங்கி, பாதி நிற்கிறது. அன்று சாயங்காலம் மடியை உதறச் சொன்னதும் எங்கள் ஆயா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சொல்லிவைத்தது போல எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆயா கத்தவில்லை. "ஒதற மாட்டோம் ஆண்டே. நாங்க ஆஞ்ச காய்ல புள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு படி குடுத்துடு. அது கணக்குல வரட்டும். இனிமே மடியில வராது" என்றாள். அவர் வானத்தைப் பார்த்தார், நிற்கிற செடியைப் பார்த்தார். மல்லாட்டை காத்திருக்காது என்று சொன்னோமே, அது அவருக்கும் தெரியும். இருட்டுவதற்குள் ஆளுக்கு ஒரு படி அளந்தார். தலை தட்டித்தான் அளந்தார். ஆனால் அளந்தார்.

கதை அங்கேயே வெற்றியோடு முடியவில்லை. அடுத்த வருஷம் எங்கள் காலனியை விட்டுவிட்டு வேறு ஊரிலிருந்து டிராக்டரில் ஆள் ஏற்றிவந்தார்கள். அந்த வருஷம் எங்கள் வீடுகளில் மல்லாட்டை வேகவில்லை. ஆனால் வந்த பெண்களும் முதல் நாள் சாயங்காலமே ஆளுக்கு ஒரு படி கேட்டார்களாம். ஆயாவின் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்வந்த வழியில் சேதியும் போயிருந்தது. அதற்கடுத்த வருஷம் வேலை எங்களுக்கே திரும்பியது, ஆளுக்கு ஒரு படியோடு.

அறுவடை முடிந்த கொல்லையில் ஏர் ஓட்டுவார்கள். அறுந்து மண்ணுக்குள் தங்கிய காய் மேலே வரும். அது தப்புக்காய். அதைப் பொறுக்க நாங்கள் ஏருக்குப் பின்னால் ஓடுவோம். காக்கையும் மைனாவும் எங்களோடு போட்டி போடும். தப்புக்காய் பொறுக்குவதைச் சில ஊர்களில் தடுக்க மாட்டார்கள், சில ஊர்களில் பாதியைக் கேட்பார்கள், சில ஊர்களில் நாயை ஏவுவார்கள். வழக்கம் என்றார்கள், தர்மம் என்றார்கள், உரிமை என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. வழக்கத்தைக் கொடுத்தவரே எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதிலுள்ள சிக்கல். இன்று பிடுங்கும் இயந்திரமும் காய் பிரிக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. முதுகு ஒடியும் வேலை குறைவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் வேலை போகும்போது படியும் போனது, தப்புக்காயும் போனது. அவற்றுக்கு ஈடாக எது வந்தது என்று கேட்க வேண்டும்.

இப்போது அந்தப் படி மல்லாட்டை வீட்டுக்கு வந்ததும் என்ன ஆகும் என்று சொல்கிறோம். பச்சைக் காயில் செம்மண் ஒட்டியிருக்கும். மூன்று தண்ணீர் கழுவ வேண்டும். மண்பானையில் போட்டு, காய் மூழ்கத் தண்ணீர் ஊற்றி, கல்லுப்பை முதலிலேயே போட வேண்டும். கடைசியில் போட்டால் உப்பு ஓட்டோடு நின்றுவிடும். வெந்ததும் உடனே வடிக்கக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கி அந்த உப்புத் தண்ணீரிலேயே ஊறவிட வேண்டும். அப்போதுதான் ஓட்டைக் கடிக்கும்போது உள்ளிருந்து உப்புச்சாறு வாய்க்குள் வரும். பிஞ்சுக் காயை ஓட்டோடு சேர்த்து மெல்லலாம். கொல்லையிலேயே தின்பதென்றால் காய்ந்த சருகையும் பனையோலையையும் கொளுத்தி, செடியோடு போட்டுச் சுட்டு, சாம்பலை ஊதி ஊதித் தின்போம். கை, வாய் எல்லாம் கரியாகும். அந்தக் கரியே எங்களைக் காட்டிக்கொடுக்கும்.

பச்சைக் கொட்டையை அம்மியில் அரைத்துப் புளிக்கரைசலில் கொதிக்கவிட்டால் குழம்பு. அதில் கத்திரிக்காயும் கருவாடும் சேர்ந்தால் கேழ்வரகுக் களிக்கு அதைவிட வேறு வேண்டியதில்லை. வறுத்த கொட்டையோடு காய்ந்த மிளகாய், பூண்டு, புளி வைத்து அரைத்தால் துவையல். வெல்லப்பாகில் பிடித்தால் உருண்டை. கறி வாங்க முடியாத மாதங்களில் எங்கள் உடம்பில் ஒட்டிய சத்து இந்தக் கொட்டையிலிருந்து வந்தது. கொட்டையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு புரதம் என்பதைப் பிறகுதான் படித்தோம். களிக்கு மல்லாட்டைக் குழம்புதான் வேண்டும் என்று ஆயா அடம்பிடித்ததன் பொருள் அப்போது புரிந்தது.

இதே இடத்தில் ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். எல்லா வருஷமும் எங்களுக்கு நல்ல காய் வரவில்லை. நல்லதைக் கமிட்டிக்கு அனுப்பிவிட்டு, கழித்துப்போட்ட சூம்பலையும் சொத்தையையும், மழையில் நனைந்து பூசணம் பிடித்ததையும் "எடுத்துக்கிட்டுப் போங்க" என்பார்கள். நாங்கள் கழுவி, வேகவைத்துத் தின்றோம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் பூசண நஞ்சு இருந்தது. அதற்கு அப்ளாடாக்சின் என்று பேர் வைத்தார்கள். ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய் தரும். வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. நல்ல வெயிலில், கையில் எடுத்து ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும்வரை காயவைத்துப் பூசணம் வராமல் பார்த்துக்கொள்வது ஒன்றே காப்பு. கழித்த காயை ஏழைக்குக் கொடுப்பது கருணை என்று நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்: கறுத்த கொட்டை, கசக்கிற கொட்டை, பூசணம் படிந்த கொட்டை எதுவானாலும் தூக்கிப்போடுங்கள். இலவசமாக வந்தது என்பதற்காக நஞ்சைத் தின்ன வேண்டியதில்லை.

மடி, படி, தப்புக்காய், கழிவுக்காய் எல்லாம் ஒரே கேள்வியில் போய் முடிகின்றன: நிலம் யாருடையது? 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு, 1892இல், நிலமற்ற நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பத்து ஆண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் நம் மக்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது இது. அதே செங்கல்பட்டின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், ஆணை வந்த மறு ஆண்டு, 1893இல், 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1924இல் சட்டமன்றத்தில் நின்று, பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் நமக்கு உரிமை உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்தார். சாலையும் கிணறும் தீர்மானத்தில் இடம்பெற்றன. வரப்பு மிச்சமாக நின்றது. நமக்கென்று ஒதுக்கிய நிலங்கள் கைமாறிப் போயின. 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். காகிதத்தில் நூறு ஆண்டுக்கு முன்பே நமக்குக் கொடுத்துவிட்ட நிலத்தைக் கேட்டதற்காக இரண்டு உயிர்.

எங்கள் பெரியம்மா ஒருவர், கடைசிக் காலத்தில், ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போட்டார். முதல் செடி பிடுங்கிய அன்று, காய் ஆய்வதற்கு முன்பே ஒரு கூடையை அப்படியே அடுப்புக்கு அனுப்பினார். வேலை செய்த அத்தனை பேரும் கொல்லையிலேயே உட்கார்ந்து சுடச்சுடத் தின்றார்கள். "வித்துக் காசாக்க வேண்டியத இப்படி வாரி எறச்சா எப்படி பெரிம்மா?" என்று கேட்டோம். "இத்தன வருசம் கேக்காம தின்னதில்ல. இன்னிக்கு ஒருநாள் கேக்காம திங்கறேன், உடு" என்றார். குத்தகை போக அந்த வருஷம் அவருக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் அந்தக் கூடையைப் பற்றி சாகும்வரை பேசினார்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் அடிமைக் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், அலபாமாவின் டஸ்கிஜி நிறுவனத்தில் ஆசிரியராக இருந்தார். பருத்தியால் வளமிழந்த மண்ணில் கறுப்பின உழவர்கள் கடலை போட்டு மண்ணையும் தேற்றி வயிற்றையும் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று பாடுபட்டார். 1916இல், கடலையைப் பயிரிடும் முறையையும் அதைச் சமைக்கும் 105 வழிகளையும் சொல்லும் சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தார். அறிவியலாளர் ஒருவர் சமையலை எழுதினார். தன் மக்களின் வயிறு அவருக்கு ஆய்வுப்பொருளாகத் தெரிந்தது. நம் ஆயாக்களிடமும் அப்படி ஒரு வெளியீட்டுக்கு வேண்டியது இருக்கிறது. எழுதத்தான் ஆள் இல்லை. நீங்கள்தான் அந்த ஆள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மூன்று வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் மூத்த பெண்ணிடம் உட்கார்ந்து, முற்றிய காயை எப்படிப் பார்ப்பாள், எப்படி வேகவைப்பாள் என்பதை அவள் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள். உங்கள் ஊரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன கூலி, காயாகக் கொடுத்தால் எந்தப் படி, எப்படி அளக்கிறார்கள் என்று எழுதுங்கள். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் உண்டா, இன்று யார் பேரில் இருக்கிறது என்று வருவாய்த் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நம் இலக்கியம் முழுதாகும். சமையலை மட்டும் எழுதினால் ஊர் ஞாபகமாக ரசித்துவிட்டுப் போவார்கள். கணக்கை மட்டும் எழுதினால் நம் அம்மாக்களின் கை அதில் இருக்காது.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு பானை இருக்கிறது. காலையில் பிடுங்கிய காய், கல்லுப்புப் போட்டு வேகவைத்து ஊறவிட்டிருக்கிறோம். கொல்லைக்காரரிடம் விலை கொடுத்து வாங்கினோம். ஆய்ந்த பெண்களுக்குப் படியைக் குவித்து அளந்து கொடுத்தோம். யாரும் மடியை உதற வேண்டியதில்லை. வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் கொஞ்சம் கட்டிக்கொண்டு போங்கள்.

ஜெய்பீம்.